அண்ணா தேர்ந்தெடுத்த வெள்ளிக்காசு

அண்ணா சிவபதம் அடைந்து ஓராண்டு நிறைகிறது. தலைத்திவசத்துக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் இந்தச் சிறு நினைவு மலரை அண்ணியின் சார்பில் கொடுக்கிறோம். பிள்ளைப்பேறு இல்லாத வீட்டில் இதை எழுத வேண்டியவர் அண்ணாவின் நெடுநாள் நண்பர் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் முதலில் தலையாட்டினார். பிறகு ஆளைக் காணோம். ஆகவே தங்கை நான் எழுதுகிறேன். அந்த நண்பரைப் பற்றியும் எழுதுவேன். பெயரை மட்டும் எழுத மாட்டேன், படிக்கும்போது அவருக்கே தெரியும்.

அண்ணா பிறந்தது நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, உப்பளங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில். எங்கள் தகப்பனார் இரங்கூன் துறைமுகத்து வேலைக்கு வந்தார், நாங்கள் பின்னாலேயே கப்பலேறி வந்தோம். தகப்பனார் காலராவில் போனபோது அண்ணாவுக்கு மீசைகூட அரும்பவில்லை. கப்பலிலிருந்து இறங்கும் மூட்டைகளை எண்ணிக் குறிக்கும் வேலைக்குப் போனார். வெயிலிலும் மழையிலும் கப்பல் மேடையில் நின்றே தலைமைக் குமாஸ்தா ஆனார். அந்தச் சம்பளத்தில் என்னை மிஷன் பள்ளியில் படிக்க வைத்தார். நான் தாலியறுத்துத் திரும்பி வந்தபோது, எனக்கு மொட்டையடிக்க வேண்டும் என்று வந்த பெரியவர்களை வாசலோடு திருப்பி அனுப்பினார். "அவ படிச்ச படிப்பு அடுப்படியில வீணாப் போகக்கூடாது" என்று சொல்லி, பெண் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலையும் தேடித் தந்தார். அதற்காக நான் அவரைத் தெய்வமாக நினைத்தேன். அதை மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

குடி, சீட்டு, நாடகம் என்று ஒன்றும் அறியாத மனிதருக்கு ஒரே ஒரு பைத்தியம் இருந்தது. சீனத்திலிருந்தும் பினாங்கிலிருந்தும் வரும் பழைய வெள்ளி நாணயங்களை இரங்கூனில் சீனர் குடியிருக்கும் லத்தாவில் உள்ள தட்டான்கள் உருக்கிக் கிண்ணமும் காப்பும் செய்வார்கள். அவை உலைக்குப் போகுமுன் அண்ணா போய்ப் புரட்டிப் பார்ப்பார். அமெரிக்க தேசத்தார் ஆதியில் அடித்த வெள்ளி டாலர்கள்தாம் அவர் தேடியவை. ஒரு பக்கம் ஒரு பெண்ணின் தலை, மறு பக்கம் ஒரு கழுகு. நூறு வருஷத்துக்கு மேலாகக் கை மாறி, கடல் கடந்து, தேய்ந்து வந்து சேர்ந்தவை. தேக்குப் பலகையில் குழிகள் குடைந்து, நீலப் பட்டு ஒட்டி, வகைக்கு ஒன்றாக அவற்றை வைத்திருந்தார். வகைக்கு ஒன்றுதான். ஒரே வகையில் இரண்டு கிடைத்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

மினுக்கும் காசு அவருக்குப் பிடிக்காது. முகம் தேய்ந்திருக்கலாம், வருஷம் தெரிய வேண்டும்; வருஷம் போனால் அது வெறும் வெள்ளி என்பார். ஓட்டை போட்டு அடைத்தது, வளையம் பற்றவைத்துக் கழுத்தில் கட்டிப் பிறகு எடுத்தது, அமிலத்தில் கழுவியது எல்லாம் தள்ளுபடி. ஒருமுறை லட்சுமி பூசைக்கு அண்ணி பலகையில் இருந்த காசுகளையெல்லாம் புளியும் சாம்பலும் போட்டுப் பளபளவென்று தேய்த்துவிட்டார். "வெள்ளி கறுத்துக் கிடந்தா வீட்டுக்கு ஆகுமா?" என்றார் அண்ணி. அண்ணா அன்று சாப்பிடவே இல்லை. மறுநாள் காலையில் காசுகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார். "நூறு வருஷத்துக் கறுப்ப ஒரு பொழுதுல போக்கிட்டியே, மகராசி" என்றார். மறுபடியும் அந்தக் காசுகளுக்கு மாற்றுத் தேடி லத்தாவுக்கு அலைந்தார்.

நண்பர் துறைமுக ஆபீசில் அண்ணாவுக்குக் கீழே இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணியின் இட்லிக்கு வருவார், விளக்கு வைத்த பிறகுதான் போவார். காசைப் பற்றி ஒன்றும் தெரியாமல் வந்தவருக்கு அண்ணாதான் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுத்தார். பிறகு நண்பருக்கும் சொந்தமாக ஒரு பெட்டி சேர்ந்தது. அண்ணா அதற்காக மகிழ்ந்தார். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைக்கிற சுபாவம் அவருக்கு.

அப்போதுதான் அண்ணாவின் கண்களில் புரை விழுந்தது. முற்றட்டும், பிறகு அறுக்கலாம் என்றார் டாக்டர். எழுத்து மங்கியது, பிறகு முகங்கள் மங்கின. ஆபீசில் தாள்களை நண்பர் வாசித்துச் சொல்லிக் காப்பாற்றினார் என்பது உண்மை. வீட்டில் காசுகளையும் அவரே வாசித்துச் சொன்னார்.

பலகையில் ஒரு குழி மட்டும் வெறுமையாக இருந்தது. பெண்ணின் கூந்தல் முடிச்சில்லாமல் விரிந்து கிடக்கும் முதல் வகைக் காசுக்கு உரிய இடம் அது. ஓரிரு வருஷம்தான் அந்த வகையை அடித்தார்களாம். பார்வை முழுதும் போகுமுன் அந்தக் குழி நிரம்ப வேண்டும் என்பது ஒன்றே அண்ணாவின் ஆசையாக இருந்தது. லத்தாத் தட்டான் கோ சின், அந்த வகையில் இரண்டு காசுகள் வந்திருப்பதாகச் சொல்லி, இரண்டையும் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மறுநாள் திருப்பிவிட வேண்டும், அது உலைக்குப் போகும் என்பது ஏற்பாடு.

நண்பர் ஜன்னலோரம் உட்கார்ந்து இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒன்றில் முகமும் கழுகும் நன்றாக எழுந்து நின்றன. மற்றதில் முகம் நிழல்போல் மட்டுமே இருந்தது.

"இந்தத் தேஞ்சதுல வருஷமே இல்லண்ணே. வழுவழுன்னு கெடக்கு" என்றார் நண்பர். "அது நல்லா இருக்கு. ஒரு பழுதும் இல்ல."

நான் காபி கொண்டுபோயிருந்தேன். காசுகள் என் கண்ணெதிரே கிடந்தன. சாய்ந்து விழுந்த வெளிச்சத்தில், தேய்ந்த காசின் கழுத்துக்குக் கீழே 1795 என்று நான்கு இலக்கமும் தெரிந்தன. நல்ல காசு என்று அவர் சொன்னதன் விளிம்பில் வளையத்தை எடுத்து ராவிய தழும்பு இருந்தது.

"அண்ணா, இதுல வருஷம் தெரியுதே" என்றேன்.

"நீ உள்ள போம்மா" என்றார் அண்ணா. "இது வேற படிப்பு."

நண்பர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை. அண்ணா இரண்டு காசுகளையும் ஒவ்வொன்றாக விரலால் தடவினார். பிறகு முகம் எழுந்த காசை எடுத்துக் குழியில் வைத்தார். "குழி நெறஞ்சிருச்சு" என்றார். மற்றதைப் போகிற வழியில் தட்டானிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லி நண்பர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

சில மாதம் கழித்து, என்னிடம் படிக்கும் ஒரு பெண்ணின் தோட்டைப் பழுதுபார்க்கக் கோ சின் கடைக்குப் போனேன். உலையில் போட்ட அந்தக் காசு என்ன ஆயிற்று என்று சும்மா கேட்டேன். கோ சின் விழித்தார். பர்மியர் வாத்தியாரம்மாவை அழைக்கும் முறையில், "திரும்பி வரலியே சயாமா. அதை அந்த ஐயா தனக்கே வச்சிக்கிட்டாரு. வெள்ளிக்கு வெல குடுத்தாரு. நல்ல காசு, வருஷம் சுத்தமா இருக்குன்னு சந்தோசப்பட்டாரு" என்றார். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கள் வீட்டு இட்லிக்கே நடக்கும் என்று நினைக்கவில்லை.

அன்று மாலையே அண்ணாவிடம் சொன்னேன். அவர் அதிரவில்லை.

"தெரியும்மா" என்றார். "தழும்பு வெரலுக்கே பட்டுச்சு. தேஞ்சதுலயும் வருஷம் மேடா நின்னுச்சு."

"தெரிஞ்சுமா அதை எடுத்தீங்க?"

"அவன் சொன்னது பொய்யின்னு சொன்னா, நாளைக்கு வரமாட்டான். அவனும் போயிட்டா எனக்கு வாசிச்சுச் சொல்ல யாரு இருக்கா?"

நான் எதிரே நின்றுகொண்டிருந்தேன். அவர் பணத்தில் படித்த ஆங்கிலம் என் வாயில் இருந்தது. நண்பர் செய்தது துரோகம், அதற்கு ஊர் அறிந்த பெயர் உண்டு. அண்ணா சொன்ன அந்த வார்த்தைக்கு என்ன பெயர் என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அது அதைவிட ஆழமாகக் குத்தியது. நினைவு மலரில் இதை எழுதலாமா என்று அண்ணி தயங்கினார். நல்லவர்களைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது அவர்களாக இருக்காது என்று சொன்னேன்.

அறுத்தும் பலனில்லாமல் பார்வை அடியோடு போனதும் அண்ணா வேலையை விட்டார். வாசித்துச் சொல்ல இனி ஆபீசில் ஆள் வேண்டியதில்லை. நண்பர் தலைமைக் குமாஸ்தா ஆனார். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவது குறைந்தது, பிறகு நின்றது. போன மழைக்காலத்தில் மார்ச்சளி கண்டு அண்ணா படுத்தார். அப்போதும் யாரையும் ஒரு கடுஞ்சொல் சொல்லவில்லை. கஞ்சி கொடுத்தால் முதலில் "நீங்க சாப்பிட்டீங்களா" என்று கேட்பார்.

அந்த நாட்களில் பணம் வாங்காமல் வந்து பார்த்த டாக்டருக்கும், ஆற்றுக்கு அக்கரையில் உள்ள சிரியம் ஊரிலிருந்து படகேறி வந்து கொள்ளி வைத்த பங்காளி மகனுக்கும், எங்களுக்குச் சோறு பொங்கிப் போட்ட எதிர்வீட்டு மா டின்னுக்கும், மழையில் கடையடைத்து மயானம்வரை வந்த கோ சின்னுக்கும், மூங்கிலும் வண்டியும் தந்து உதவிய மரைக்காயர் கடைக்காரருக்கும் நானும் அண்ணியும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். காசுப் பலகை அண்ணியிடம் இருக்கிறது. விலை கேட்டு யாரும் வர வேண்டாம்.

ஒரு பெயர் விட்டுப்போனதே என்று சிலர் கேட்கக்கூடும். அண்ணா படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று நண்பருக்கு ஆள்மேல் ஆள் சொல்லியனுப்பினேன். அவர் வரவில்லை. கடைசி நாள் மத்தியானம் அண்ணாவுக்குக் கொஞ்சம் நினைவு தெளிந்தது.

"அவன் வந்தானா?" என்றார்.

"வந்தாருண்ணா. நீங்க அசந்து தூங்கினீங்க. எழுப்ப வேணாம்னு தலைமாட்டுலயே ரொம்ப நேரம் உக்காந்திருந்துட்டுப் போனாரு."

அண்ணாவின் முகம் விரிந்தது. என் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியும், வருவான்னு" என்றார். "என்ன இருந்தாலும் அவன் கூடப்பொறந்தவன் மாதிரிம்மா."

ஆமாண்ணா என்றேன்.