வெள்ளி ஐஞ்சு சதமும் விளக்குத் திருநீறும்

பழைய அமெரிக்கச் சில்லறை வெள்ளிக்காசு விக்கிற தொழிலிலை ஒரே ஒரு சட்டம்தான்: காசைத் துடைக்கப்படாது. கறுத்துக் கிடந்தால்தான் மவுசு. துடைச்சால் பழங்காசு சேர்க்கிற ஆக்கள் திரும்பியும் பார்க்கமாட்டினம். இந்தப் பைத்தியம் பிடிச்ச உங்களுக்கு இது விளங்கும். உங்கடை வீட்டிலை இருக்கிற சனத்துக்கு விளங்காது.

மழைக்கு ஒதுங்கின அன்ரி

வென்ட்வேர்த்வில் ஸ்டேசனுக்குப் பக்கத்திலை என்ரை கடை. ஒருநாள் மழைக்கு ஒரு அன்ரி ஒதுங்கினா. கண்ணாடிப் பெட்டிக்குள்ளை அமெரிக்க வெள்ளி ஐஞ்சு சதக் காசு ஒண்டு. நூற்றைம்பது வருசத்துக்கும் மேலை பழசு, அவவின்ரை பொட்டளவுதான் இருக்கும். கறுப்பிலை ஒரு நீலம் ஓடும், என்ன வடிவு! அதின்ரை சரித்திரம் முழுக்க மூச்சுவிடாமல் சொன்னன். விலையும் சொன்னன்.

அவ குடையை விரிச்சுக்கொண்டு கேட்டா: "இந்த விலை சொல்லுறீர், தம்பி, ஒருக்காக் கழுவிக்கூட வைக்கேல்லையே?"

ராகவன் போட்ட கண்டிசன்

என்ரை சொந்த ஆல்பத்திலை காசு வைக்கிற குழி ஒண்டு மட்டும் வெறுமையாக் கிடந்தது. அமெரிக்க வெள்ளி மூண்டு சதம். ஐஞ்சு சதத்தைவிடச் சின்னன். ஆறு வருசமாத் தேடினன். கறுப்புக் குறையாததுதான் வேணும் எண்டு வீம்பு வேறை. கடைசியிலை மெல்பேர்ன் கிரெய்கிபர்னிலை ராகவன் எண்டு ஒருத்தரிட்டை இருந்தது. மதுரைக்காரர், ஐடி வேலை. அவருக்கு என்ரை ஐஞ்சு சதத்திலை கண். மாத்துவம் எண்டு பேசி முடிச்சம். சனிக்கிழமை பிளேன் ஏறி என்ரை வீட்டுக்கே வாறதெண்டார்.

போனை வைக்கமுதல் குரலைத் தணிச்சுச் சொன்னார்: "சார், கறுப்பு அப்படியே இருக்கணும். தும்மல் வந்தாக்கூட அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க."

சனிக்கிழமை காலமை

குளிச்சுப்போட்டு வாறன், சாமியறையிலை வெள்ளி விளக்கு பளபளக்குது. பக்கத்திலை என்ரை ஐஞ்சு சதமும் பளபளக்குது! என்ரை மனுசி விளக்குக்குத் திருநீறு போட்டுத் தேய்க்கேக்கை, நான் கடையிலையிருந்து கொண்டுவந்து மேசையிலை வைச்ச காசையும் சேர்த்துத் தேய்ச்சிருக்கிறா. ஐயோ, என்ரை ஆறு வருசம் ஒரு பிடி திருநீற்றிலை போச்சு! கத்தினன். அவ திரும்பியும் பாக்கேல்லை.

"அவ்வளவு தூரத்திலையிருந்து ஒரு மனுசன் வாறார், ஊத்தைக் காசையே நீட்டப்போறியள்?"

கதிரை நுனி

ராகவன் வந்து கதிரை நுனியிலை இருந்தார். தேத்தண்ணி ஆறிப்போச்சு. ஏதாவது பொய் சொல்லுவம் எண்டு பாத்தன், வாய் வரேல்லை. பெட்டியைத் திறந்து நீட்டினன். பூதக்கண்ணாடி வைச்சுப் பாத்தார். பிறகு மெல்லத் தன்ரை பெட்டியைத் திறந்தார். மூண்டு சதம் ரியூப்லைற் மாதிரி மின்னினது.

"எங்க வீட்ல பல்பொடி, சார். இதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பிளேன் முழுக்க யோசிச்சுக்கிட்டே வந்தேன்."

இப்ப ரெண்டு ஆல்பமும் நிறைஞ்சிட்டுது, நாங்கள் ரெண்டுபேரும் ஒருத்தருக்கும் காட்டுறேல்லை. மனுசிமார்தான் வீட்டுக்கு வாற ஆக்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகினம்.