கடித்த நாயின் பத்து நாட்கள்

‘ஓடாதே’ என்று என்னிடம் சொன்னவர்களை எண்ணி வைத்திருக்கிறேன். மொத்தம் பதினான்கு பேர். ‘நாயைக் கட்டிப் போடுங்கள்’ என்று நாயின் சொந்தக்காரரிடம் சொன்னவர் ஒருவரும் இல்லை.

பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டிலிருந்து டியூஷனுக்குப் போகும் தெருவில் ஐந்தாவது வீடு இன்ஜினியர் சாருடையது. ஏதோ ஒரு துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய நாய்க்கு சீசர் என்று பெயர். அல்சேஷன் என்பார். காது மட்டும்தான் அல்சேஷன், பாக்கியெல்லாம் பைபாஸ் ரோடு என்பார் என் தாய்மாமா. தினமும் மாலை ஐந்தரைக்கு சார் கேட்டைத் திறந்து விடுவார். நாய் தன் காரியங்களைத் தெருவில் முடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களை விரட்டிவிட்டு வீடு திரும்பும். சார் மாடி பால்கனியில் காபி டம்ளரோடு நின்று மேற்பார்வை பார்ப்பார்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. நாய் விஷயத்தில் எனக்குச் சொல்லப்பட்ட விதிகளை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன். ஓடக் கூடாது. நிற்கவும் கூடாது. கண்ணைப் பார்க்கக் கூடாது. பையில் பிஸ்கட் வைத்திருக்க வேண்டும். பையில் தின்பண்டம் இருக்கவே கூடாது, வாசனைக்கு வரும். குடை கொண்டு போக வேண்டும். குடையை ஆட்டக் கூடாது. நான்காவது விதியும் ஐந்தாவது விதியும் இடிக்கின்றனவே என்று அப்பாவிடம் கேட்டேன். “பேசாம சுத்திப் போயிரு பாப்பா” என்றார். அதை எட்டாவதாக எழுதிக்கொண்டேன்.

சுற்றிப் போனால் மெயின் ரோட்டை இரண்டு முறை கடக்க வேண்டும். எட்டு நிமிடம் கூடுதல். நான் சுற்றிப் போகவில்லை. அது வீரமல்ல. தெரு மாநகராட்சிக்குச் சொந்தம் என்று சமூக அறிவியல் பாடத்தில் படித்திருந்தேன். சாருக்குச் சொந்தம் என்று எந்தப் பாடத்திலும் இல்லை.

எட்டாவதைத் தவிர எல்லா விதிகளையும் முடிந்தவரை கடைப்பிடித்த ஒரு செவ்வாய்க்கிழமை சீசர் என்னைக் கடித்தது. நான் மெதுவாகத்தான் நடந்தேன். தரையைத்தான் பார்த்தேன். பின்னால் நகங்கள் தார் ரோட்டில் கீறும் சத்தம் கேட்டது. “ஒண்ணுஞ் செய்யாதும்மா!” என்று பால்கனியிலிருந்து குரல் வந்தது. அந்த வாக்கியம் முடிவதற்குள் என் இடது கெண்டைக்காலில் பல் இறங்கிவிட்டது.

சார் இறங்கி வந்து காலைப் பார்த்தார்.

“பல்லு இல்ல, நகம். விளையாடிருக்கு. நீ ஓடிருப்ப.”

“நான் ஓடல சார்.”

“அப்ப நின்னுருப்ப.”

எதிரே வண்டியில் துணி தேய்த்துக்கொண்டிருந்த அக்கா, மிளகாய்ப்பொடி வைத்து அமுக்கச் சொன்னார். அம்மா அதைக் காதில் வாங்காமல் என்னைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனாள். இரண்டு கையிலும் ஊசி போட்டார்கள். அடுத்த ஊசிகளுக்கான தேதிகளைச் சீட்டில் எழுதித் தந்த நர்ஸ், “வீட்டு நாய்னா பத்து நாளைக்கு அதப் பாத்துக்கிட்டே இருங்க. நல்லாத் திங்குதா, நடமாடுதான்னு. அது எப்படியிருந்தாலும் ஊசிய மட்டும் விட்றாதீங்க” என்றார்.

எதற்காகப் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதை விளக்க மாமா வீட்டில் காத்திருந்தார்.

“மருமகளே, இனிமே ஒனக்கும் சீசருக்கும் ஒரே உசுருதான். அது இருந்தா நீ இருப்ப. அது போச்சுன்னா…” என்று சுட்டுவிரலை மேலே காட்டினார்.

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். “சும்மா சொன்னேன்க்கா” என்று அவர் நழுவினார். அம்மா என் பக்கம் திரும்பி, ஊசி போட்டாச்சு, ஒன்றும் ஆகாது என்றாள். ‘ஒன்றும் ஆகாது’ என்பதையெல்லாம் நான் அந்தத் தெருவில் ஏற்கெனவே கேட்டிருந்தேன்.

மறுநாள் பள்ளி இடைவேளையில் கணக்கு ரஃப் நோட்டைத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து ஒரு அட்டவணை போட்டேன். தலைப்பு: ‘என்னைக் கடித்த சீசர் – பத்து நாள் கவனிப்பு’. கட்டங்கள்: நாள், கிழமை, சாப்பிட்டதா, தண்ணீர் குடித்ததா, வாயில் நுரை, வாலாட்டியதா, கையெழுத்து. கடைசிக் கட்டத்துக்குத் தனியாகக் காரணம் எதுவும் கிடையாது. என் பள்ளி டைரியில் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துக்கு இடம் இருந்தது. அது இல்லாமல் ஒரு அட்டவணை இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

மாலையில் கேட்டுக்கு வெளியே போய் நின்றேன்.

“யாரு அனுப்புனா?” என்றார் சார்.

“ஆஸ்பத்திரியில சார். தெனமும் பாக்கணுமாம்.”

“அதான் கடிக்கலேன்னு சொன்னேன்ல?”

“சரி சார். சாப்பிட்டுச்சா?”

 உள்ளேயிருந்து அவர் மனைவி, “காலைல நாலு இட்லி, மத்தியானம் கறியும் சோறும்” என்று பெருமையோடு சொன்னார். எழுதிக்கொண்டேன். நாய் வந்து கம்பி வழியாக என்னை முகர்ந்தது. நுரை இல்லை என்று எழுதினேன். பிறகு நோட்டைக் கம்பிக்கு நடுவே நீட்டிக் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்தேன்.

இந்த இடத்தில்தான் அந்த முப்பத்தைந்து வருடமும் வேலை செய்தது. யாராவது ஒரு தாளை நீட்டி ஓரிடத்தில் விரல் வைத்தால் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போகும் போலிருக்கிறது. பேனாவை எடுத்தார். விரல் இருந்த இடத்தை மட்டும் பார்த்தார். கையெழுத்துப் போட்டு, அதன் கீழே ஒரு கோடு இழுத்து, இரண்டு புள்ளியும் வைத்தார். “கட்டத்த ஸ்கேல் வச்சுப் போடு. கோணலா இருக்கு” என்று குறையும் சொன்னார்.

அம்மா ஒரு மிஷன் பள்ளியின் ஆபீசில் கிளார்க்காக இருந்தாள். அன்று நோட்டை வாங்கிப் பார்த்தவள், தலைப்பையும் கையெழுத்தையும் மாறி மாறி வெகுநேரம் பார்த்தாள்.

“நாளைக்குக் கையெழுத்துக்குக் கீழ தேதி போடச் சொல்லு பாப்பா. பேரையும் எழுதச் சொல்லு. கிறுக்குன மாதிரி இருக்கு, யாருதுன்னு தெரியல.”

எல்லாவற்றிலும் ஒழுங்கு பார்க்கிற அவளுடைய குணம் அது என்று நினைத்தேன்.

இரண்டாம் நாள் நான் கேட்டதும் சாருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தேதி போட்டார். முழுப் பெயரை எழுதினார். அதற்குக் கீழே தான் வகித்த பதவியையும் எழுதி, அடைப்புக்குறிக்குள் ‘ஓய்வு’ என்றும் போட்டார். முதல் நாள் கட்டத்தையும் அதே போல நிரப்பித் தந்தார்.

ஆனால் ஒவ்வொரு நாளும் என் வேலை முடிந்த கையோடு ஐந்தரை ஆகிவிடும், கேட் திறந்துவிடும். அதுவரை சீசர் என்னைக் கடிக்குமோ என்று மட்டும் பயந்த நான், இப்போது சீசருக்கு ஏதும் ஆகிவிடுமோ என்றும் பயப்பட வேண்டியிருந்தது. அது ரோட்டைக் கடந்தால் இரண்டு பக்கமும் வண்டி வருகிறதா என்று பார்த்தேன். குப்பையில் வாய் வைத்தால் என்ன தின்றது என்று எட்டிப் பார்த்தேன். நான்காம் நாள் தண்ணீர் கேன் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று கிறீச்சிட்டு, அதன் முகத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. நாய் நிதானமாக நகர்ந்து போனது. எனக்குத்தான் வியர்த்துக் கொட்டியது. பால்கனியில் சார் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காலையில் சர்ச்சில் என் உயிருக்காகவும் சீசரின் உயிருக்காகவும் சேர்த்தே ஜெபம் செய்தேன். மாலை பத்து நிமிடம் முன்னதாகவே போய், வெளிப்பக்கமிருந்து கேட்டின் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“கைய எடு பாப்பா. அது வெளிய போகணும்.”

“நீங்க கூட்டிட்டுப் போங்க சார். சங்கிலி போட்டு.”

“சங்கிலி போட்டா அதுக்குக் கோவம் வரும்.”

“லோடு ஆட்டோ அடிச்சிருச்சுன்னா?”

“அடிச்சா என் நாயி. ஒனக்கென்ன?”

“அது செத்தா நானும் செத்துருவேன் சார்.”

சொன்னதும் எனக்கு அழுகை முட்டியது. அழவில்லை. துணி தேய்க்கிற அக்கா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு வந்தார். தெருமுனைப் பரோட்டாக் கடைக்காரர் மாவுக் கையோடு வந்தார். எனக்குப் பிஸ்கட் வைத்துக்கொள்ளச் சொன்னவரும், வைத்துக்கொள்ள வேண்டாம் என்றவரும் இவர்கள்தாம்.

“ஏன் சாரு, பச்சப்புள்ள உசுரோட எதுக்கு வெளையாடுறீங்க?” என்றார் அக்கா.

“சங்கிலி இல்லேன்னா சொல்லுங்க சார், நம்ம கடைல தாம்புக்கயிறு கெடக்கு. எம்புட்டு வேணும்?” என்றார் கடைக்காரர். யாரோ சிரித்தார்கள்.

அதற்குள் யாரோ சொல்லி அப்பா வந்துவிட்டார். என் கையை எடுத்துவிடத்தான் வந்தார். கிட்டே வந்து என் தோளைப் பிடித்தார். “வீட்டுக்கு வா பாப்பா.” நான் விடவில்லை. அப்பா சாரைப் பார்த்தார், தாழ்ப்பாளைப் பார்த்தார். பிறகு தோளிலிருந்து கையை எடுத்துவிட்டு, என் பக்கத்தில் கேட்டை ஒட்டி நின்றுகொண்டார்.  நகரவேயில்லை.

சார் உள்ளே போய்த் துருப்பிடித்த சங்கிலி ஒன்றைக் கொண்டு வந்தார். நான் தாழ்ப்பாளை விட்டேன். அன்று அந்தத் தெரு முதல்முறையாக அந்தக் காட்சியைப் பார்த்தது. சீசர் முன்னால் போக, கைலியை ஒரு கையிலும் சங்கிலியை மறு கையிலும் பிடித்துக்கொண்டு சார் பின்னால் ஓடினார். “ஓடாதீங்க சார், ஓடுனாத்தான் அது இழுக்கும்” என்று பரோட்டாக் கடைக்காரர் யோசனை சொன்னார். திரும்பி வந்து மூச்சு வாங்கியபடி, நான் விரல் வைத்த இடத்தில் சார் கையெழுத்துப் போட்டார்.

வீட்டில் அப்பா நடந்ததைச் சொன்னபோது அம்மா சிரித்தாள். “அது செத்தா நானும் செத்துருவேன்னு சொன்னாளா? வக்கீல் தோத்தான் போ” என்றாள். மாமா என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எல்லோரும் எதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள் என்று விளங்காமலேயே வாங்கிக்கொண்டேன்.

மற்ற நாட்களில் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்றாம் நாளும் ஏழாம் நாளும் எனக்கு அடுத்தடுத்த ஊசிகள். எட்டாம் நாள் சீசர் சாப்பிடவில்லை என்று கேட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை; முந்தின நாள் கல்யாண வீட்டு எலும்பை அளவில்லாமல் தின்றிருந்ததாம். ஒன்பதாம் நாள் என்னைக் கண்டதும் வாலாட்டியது. எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ‘ஆம்’ என்றுதான் எழுதினேன்.

பத்தாம் நாள் சார் கையெழுத்தோடு நிறுத்தவில்லை. கோப்பை முடித்து வைக்கிறவர் போல நோட்டைக் கையில் வாங்கி, ‘கவனிப்பு முடிந்தது. நாய் நலம்’ என்று எழுதினார். எழுதிவிட்டு, முதல்முறையாகப் பக்கத்தை மேலிருந்து படித்தார். “என்னைக் கடித்த சீசர்” என்று வாய்விட்டே படித்தார். அதற்குக் கீழே பத்து வரிசை. ஒவ்வொன்றிலும் அவர் பெயர், பதவி, தேதி, கையெழுத்து. நாய் கடிக்கவேயில்லை என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

“இத இங்க வச்சுட்டுப் போ பாப்பா. அழகா வேற நோட்டுல எழுதித் தாரேன்.”

“அந்தப் பக்கம் கணக்கு இருக்கு சார். திங்கக்கெழம டெஸ்ட்டு” என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஒரு மணி நேரத்தில் சார் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். வெளுத்த சட்டை. கையில் இரண்டு புது லாங் சைஸ் நோட்டு. அம்மா நாற்காலி போட்டுக் காபி கொடுத்தாள். அவர் அந்தப் பழைய நோட்டைக் கேட்டார். பிள்ளைக்குப் பதிலுக்கு இரண்டு புதியது கொண்டுவந்திருப்பதாகச் சொன்னார்.

“அது அவ நோட்டு சார். அவளத்தான் கேக்கணும்” என்றாள் அம்மா, மிக மரியாதையாக.

“தர மாட்டேன் சார். பின்னம் பூராம் அதுலதான் போட்டிருக்கேன்” என்றேன்.

சார் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் அல்லாமல் அம்மாவிடம், “இனிமே அவுத்து விட மாட்டேன்மா. சங்கிலி போட்டுத்தான் கூட்டிட்டுப் போவேன்” என்றார்.

“ரொம்ப நல்லது சார். காபி ஆறுது.”

எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. பத்து நாள் தினமும் பேசிப் பழகியவர். கையெழுத்துப் போடுவது அவருக்கு எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். வீட்டில் சும்மாதானே இருக்கிறார்.

“வேணும்னா நாளைக்கும் வாரேன் சார். இன்னொரு பத்துக் கட்டம் போட்டுக்கலாம்.”

சார் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “வேணாம்மா… வேணாம்” என்று எழுந்து, செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு படியிறங்கினார்.

அம்மா சமையலறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். அலமாரியைப் பிடித்தபடி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள், தோள் குலுங்கியது. என்னை நினைத்துத்தான் அழுகிறாள் என்று எண்ணினேன். அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டேன்.

“அழாதம்மா. பத்து நாள் முடிஞ்சிருச்சு. சீசர் சாகல. நானும் இனிமே சாக மாட்டேன்.”

குலுங்கல் சட்டென்று நின்றது. அம்மா குனிந்து என் முகத்தைப் பார்த்தாள். “பத்து நாளும் அப்படியா நெனச்சுக்கிட்டிருந்த?” என்றாள். தலையாட்டினேன். அப்போதுதான் அவள் அழத் தொடங்கினாள். நல்ல செய்தியைச் சொன்ன பிறகும் ஏன் அழுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை.