றெஜினா அக்காவின் உத்தேச வயது

ஏச்சு வாங்குவதற்குச் சம்பளம் தருகிறார்கள் என்றால் நம்புவீர்களா? எனக்குத் தருகிறார்கள்.

டென்மார்க்கில் வைலேக்குப் பக்கத்தில் ஒரு கொமூன் அலுவலகம். நம் ஊரில் நகரசபை என்போமே, அதுதான். அங்கே ஓய்வூதியக் கவுண்டரில் இருப்பது நான். ஓய்வூதிய வயதைக் கூட்டிச் சட்டம் போட்டவர்கள் கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறார்கள். திட்டு மட்டும் நேரே என்னிடம் வந்துவிடுகிறது.

இந்தத் திங்கட்கிழமைகூட முடிதிருத்தும் கடை வைத்திருக்கும் ஒரு டெனிஷ் அம்மா வந்து மேசையில் தட்டினார். பதினாறு வயதிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாராம். இன்னும் எத்தனை வருடம் நிற்க வேண்டும் என்று கேட்டார். "முதலில் உட்காருங்கள்" என்றேன். அது இன்னும் பிழையாகப் போய்விட்டது…

வருகிறவர்களில் அநேகம் பேர் பெண்கள்தான். ஏன் என்கிறீர்களா? வேலைக்கும் போய், வீட்டையும் பார்த்து, பிள்ளைகளையும் வளர்த்துவிட்டு, "இனியாவது" என்று மூச்சு விடும் நேரத்தில் "கொஞ்சம் பொறுங்கள்" என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? நானும் பெண்தான். தலையை ஆட்டுவேன், முறைப்பாட்டுப் படிவத்தை நீட்டுவேன், டிஷ்யூ பெட்டியைக் கொஞ்சம் கிட்டத் தள்ளுவேன். என் அதிகாரம் அவ்வளவுதான்.

இத்தனை பேரில் ஒரேயொருவர்தான், "என்ர வயசைக் கூட்டித் தா" என்று கேட்டு வந்தார். றெஜினா அக்கா. "பேரை மாத்திப் போடு பிள்ளை, வயசை மட்டும் மாத்திப் போடாதை" என்று அவர் உத்தரவு தந்த பிறகுதான் இதை எழுதுகிறேன்.

அக்கா முதியோர் இல்லத்தில் வேலை. இருபது வருடமாக ஆட்களைக் கட்டிலில் இருந்து தூக்கிக் கதிரையில் இருத்தி, கதிரையில் இருந்து தூக்கிக் கட்டிலில் கிடத்தி, இப்போது அவருடைய இரண்டு முழங்கால்களும் படியைக் கண்டால் கதறுகின்றன. இலங்கையில் சண்டை முடிந்த வருடம், இலையுதிர்காலத்தில் ஒருநாள் கையில் விளக்கத் துண்டுப்பிரசுரத்தோடு வந்தார்.

"இதென்ன பிள்ளை புதுக்கூத்து? சட்டம் போட்டவைக்கு முழங்கால் இல்லையோ?"

"நான் என்ன செய்யிறது அக்கா? இந்தத் திகதிக்குப் பிறகு பிறந்த எல்லாருக்கும் அறுபத்தேழுதான்."

"அதுக்கு முதல் பிறந்திருந்தா?"

"பழையபடி அறுபத்தைஞ்சு."

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி, வாறன்" என்று எழும்பிப் போய்விட்டார். அவருடைய ஒரே அண்ணன் அப்போது வவுனியாவில் முகாமுக்குள் இருந்தார். அதற்கு முதல் பல மாதம் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாமல் இருந்தது. அந்தக் கவலைதான் முகத்தில் என்று நினைத்துக்கொண்டேன்.

தை மாதம் திரும்பவும் வந்தார். இந்த முறை முகத்தில் வெளிச்சம்.

"அண்ணனை விட்டிட்டாங்கள் பிள்ளை! ஒரு பார்சலும் அனுப்பியிருக்கிறார்."

பார்சலில் வந்தது ஒரு பொலித்தீன் பை. அதற்குள் காணி உறுதி, பழைய பள்ளிக்கூட றிப்போட்டுகள்… அதற்குள்ளிருந்து மடிப்பு மடிப்பாக வெடித்துப்போன ஒரு காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார். அவருடைய பிறப்புச் சாட்சிப் பத்திரம்.

"கடைசி மாசங்களில பத்துத் தரம் இடம் மாறினவராம். சட்டி பானையை விட்டார், சைக்கிளை விட்டார். இந்தப் பையை மட்டும் வயித்தோட கட்டிக்கொண்டு ஓடியிருக்கிறார். பார் பிள்ளை, என்ர வயசைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார் அந்த மனுசன்!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சிரிப்பு பாதியில் உடைந்தது. கோபத்தில் அழுகிறவர்களுக்காக வைத்த டிஷ்யூ அன்றைக்கு வேறு விதமாகப் பயன்பட்டது. எனக்கும் ஒன்று எடுத்துக்கொண்டேன்.

பிறகுதான் திகதியைப் பார்த்தேன். கணினியில் இருந்த வயது நாற்பத்தொன்பது. காகிதத்தில் இருந்தது ஐம்பத்து மூன்று!

கதை இதுதான். டென்மார்க்கில் இருந்த ஞானம் அண்ணைக்கு, அதுதான் அக்காவின் கணவருக்கு, பெண் பேசியபோது அவருக்கு இருபத்தேழு. அக்காவுக்கு இருபத்தொன்பது. இரண்டு குடும்பமும் கிறிஸ்தவ சபைக்குப் போகிறவர்கள், சாதகம் பார்ப்பதில்லை. ஆகவே தோண்டித் துருவவும் ஆளில்லை. அக்காவின் மாமா ஒருவர் பிறப்புப் பதிவு தொலைந்துவிட்டது என்று சத்தியக் கடதாசி கொடுத்து, கச்சேரியில், அதாவது மாவட்டச் செயலகத்தில், ஓர் உத்தேச வயதுச் சான்றிதழ் எடுத்துவிட்டார். மாமாவின் உத்தேசம் இருபத்தைந்து. அந்த உத்தேசத்தில் பாஸ்போர்ட், அந்தப் பாஸ்போர்ட்டில் விசா. அக்கா நாலு வயது இளமையாக வந்து இறங்கினார்.

இது நம்மவர்களுக்குப் புதிதா என்ன? தமிழ்ச் சங்கத்து ஒன்றுகூடலில் கேட்டுப் பாருங்கள், எத்தனை பேர் ஜனவரி முதலாம் திகதி பிறந்திருக்கிறார்கள் என்று!

"விண்ணப்பம் போடுவம் அக்கா. முடிவு எடுக்கிறது நாங்கள் இல்லை, வேற அலுவலகம். சரிவந்தால் நம்பரும் மாறும்" என்றேன். இந்த நாட்டில் ஆளுக்கொரு பத்து இலக்க எண் உண்டு. முதல் ஆறு இலக்கமும் பிறந்த திகதி. அது மாறினால் வங்கி, வரி, வைத்தியர், நூலகம் எல்லா இடத்திலும் ஆள் மறுபடி பிறக்க வேண்டும்.

"கடிதம் வீட்டுக்கு வருமோ?"

"ஓம்."

"தபால்பெட்டி திறக்கிறது அவர்தான் பிள்ளை…"

அப்போதுதான் விளங்கியது. ஞானம் அண்ணைக்கு அன்றுவரை தெரியாது!

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து வரும்போது காருக்குள் வைத்துச் சொல்லிவிட்டாராம். "ஸ்டியரிங் பிடிச்ச மனுசன் எழும்பிப் போகேலாது தானே" என்பது அக்காவின் திட்டம். அண்ணை வீட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தையும் தாண்டி நேரே ஓடிக்கொண்டிருந்தார். அடுத்த நகரமான கோல்டிங்கே வந்துவிட்டது. ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் நிறுத்தினார்.

"இருபத்திநாலு வருசம்… என்னட்டைச் சொல்லியிருக்கலாம் தானே" என்றார். அக்கா பயந்துபோனார். இதற்கா இத்தனை வருடம் ஒளித்தோம் என்று வெட்கமாகவும் இருந்ததாம்.

"சொன்னா கலியாணம் நடந்திருக்குமோ?"

அண்ணை யோசித்தார். "நான் ஓம் எண்டிருப்பன். அம்மா விட்டிருக்க மாட்டா." பிறகு இறங்கிப் போய் இரண்டு கோப்பி வாங்கிக்கொண்டு வந்தார். ஒன்றை நீட்டிக்கொண்டே கேட்டாராம்: "அப்ப இனி நான் உமக்கு நீங்கள், வாங்கோ, போங்கோ எண்டு சொல்லோணுமோ?"

அக்கா சிரித்த சிரிப்பில் கோப்பி சீட்டெல்லாம் ஊற்றுண்டது.

போன மாதம் முடிவு வந்தது. பத்திரத்தை ஏற்றுக்கொண்டார்கள். அக்காவுக்குப் புது எண், உண்மையான வயது, பழைய சட்டப்படி அறுபத்தைந்தில் ஓய்வூதியம். தன் வயதைச் சத்தமாகச் சொல்வது ஒரு விடுதலை என்று அவரைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முதியோர் இல்லத்தில் எல்லோருக்கும் கேக் கொடுத்தாராம், நாலு வருடத்துப் பிறந்தநாளுக்கும் சேர்த்து.

எல்லாம் சுபம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஞானம் அண்ணை என் கவுண்டருக்கு வந்தார். அவர் சட்டத்தின் கோட்டுக்கு மற்றப் பக்கம் பிறந்தவர்.

"இதென்ன நியாயம் பிள்ளை? அவ அறுபத்தைஞ்சில காலை நீட்டிக்கொண்டு வீட்டில இருப்பா. அதுக்குப் பிறகும் நான் நாலு வருசம் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போறதோ? என்ர முறைப்பாட்டை எழுது!"

"நீங்கள்தான் நிரப்போணும் அண்ணை" என்று படிவத்தையும் பேனாவையும் கொடுத்தேன். பெயர் எழுதினார். விலாசம் எழுதினார். பிறந்த திகதிக்கு வந்ததும் பேனா நின்றது. பின்னால் வரிசையைத் திரும்பிப் பார்த்தார். குனிந்து, குரலைத் தணித்துக் கேட்டார்:

"பிள்ளை… உள்ளதை எழுதவோ, பாஸ்போட்டில கிடக்கிறதை எழுதவோ?"