ஆடாத குரல்

இந்த ஊரில் பாடத் தொடங்கும்போது யாரும் சுருதி போடுவதில்லை. சிங்கப்பூரில், ஆங் மோ கியோவின் தொழிற்பேட்டைக் கட்டடம் ஒன்றில் எங்கள் ஒத்திகை அறை. கிட்டார் வாசிக்கும் அஸ்மி லேசாகத் தலையசைப்பார், எல்லோரும் தொடங்கிவிடுவார்கள். பிடிமானம் இல்லாமல் எனக்கு முதல் சுரமே பிடிபடாது. அதனால் முதல் சில வாரங்கள் கைப்பைக்குள் கைப்பேசியில் தம்பூராவை மெல்ல ஓடவிட்டேன். ஒருநாள் அஸ்மி பாட்டை நிறுத்திவிட்டு மூலையில் இருந்த ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கினார். சத்தம் நிற்கவில்லை. கதவைத் திறந்து உள்ளேயும் எட்டிப் பார்த்தார்.

அஸ்மி ஜோகூர்க்காரர். பிரேசிலின் போசா நோவாவை ஜாஸோடு கலந்து வாசிக்கும் எங்கள் குழுவின் தலைவர். பாஸ் கிட்டார் வாசிக்கும் நாசர் இங்கேயே பிறந்தவர். அவருடைய முன்னோர்கள் நாகூரிலிருந்து வந்தவர்கள். கணவரின் வேலைக்காகத் திருச்சியிலிருந்து செங்காங்குக்கு வந்து, பகலெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். சமூக மன்றம் ஒன்றில் நான் பாடியதைக் கேட்டு நாசர்தான் அழைத்துப்போனார். போர்த்துகீசியப் பாட்டுகளைத் தமிழில் எழுதிவைத்து மனப்பாடம் செய்தேன். வார்த்தைகள் வந்துவிட்டன, குரல்தான் மசியவில்லை.

"அக்கா, அந்த ஷேக் வேணாம் லா. நோட்டைப் புடிச்சா அப்படியே ஸ்ட்ரெய்ட்டா விட்டுடுங்க. பக்கத்துல உக்காந்து பேசுற மாதிரி பாடணும்," என்றார் நாசர்.

அவர் ஷேக் என்றது கமகத்தை. ஊரில் உள்ளவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஒரு சுரம் அசையாமல் நின்றால், "என்னடி, கம்பம் நட்டு வச்சிருக்க?" என்று திட்டுவார் திருச்சியில் என் பாட்டு டீச்சர். அவர் ஆண்டுக்கணக்கில் ஆட்டிப் பழக்கிய குரலை நான் சமையலறையிலும் குளியலறையிலும் பிடித்து நிறுத்தினேன். வெறிபிடித்தவள் போலத்தான் செய்தேன். எனக்கென்று இங்கே இருந்தது அந்த ஒத்திகை அறை ஒன்றுதான். கடைசியில் ஒருநாள் பாட்டு முடிந்ததும் அஸ்மி "நைஸ்" என்றார். அன்று லிஃப்டில் தனியாகச் சிரித்தேன்.

பிறகு சிராங்கூன் சாலை மண்டபம் ஒன்றில் தோழியின் வளைகாப்பு. என்னைப் பாடச் சொன்னார்கள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து பாடிவந்த பாட்டு. சொல் வந்தது, சுரமும் சரியாக வந்தது, ஆனால் எதுவும் அசையவில்லை. தொண்டையை இறுக்கி ஆட்டிப் பார்த்தேன், ஆடு கத்துவதுபோல இருந்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா ஒருவர், "ரொம்ப ஸ்வீட்டா பாடுறீங்கம்மா. சர்ச் கொயர்ல இருக்கீங்களா?" என்றார். அன்பாகத்தான் கேட்டார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். அதன்பின் மாதக்கணக்கில் சாதகம் செய்தேன். போனது போனதுதான். இதை அழகாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

இந்த வட்டாரக் குழுக்களுக்கான இசைவிழாவில் எங்களுக்கு இடம் கிடைத்தது. ஏற்பாட்டாளர்கள் உள்ளூர் வாசனை கேட்டார்களாம். பாட்டின் நடுவே இந்தியப் பாணியில் கொஞ்சம் ஆலாபனை பாடச் சொன்னார் அஸ்மி, உனக்கு அது சுலபம்தானே என்று. எனக்கு வராது என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துத் தோளில் தட்டிச் சிரித்தார். நாசர் சிரிக்கவில்லை.

"பழைய ரெக்கார்டிங் ஏதாச்சும் வச்சிருக்கீங்களா அக்கா?"

கல்லூரிப் போட்டியில் பாடியது கைப்பேசியில் இருந்தது. அதை லேப்டாப்பில் ஏற்றினார்கள்.

விழா மேடையில் என் பழைய குரல் ஒலிபெருக்கிகளிலிருந்து குழைந்து குழைந்து இறங்கியது. அது முடியும்வரை மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் இடம் வந்ததும் நேராக, நடுக்கமில்லாமல் பாடினேன். கைதட்டல் அந்தப் பழைய குரலுக்குத்தான் எழுந்தது.

மேடையிலிருந்து இறங்கியதும் ஓர் இளம்பெண் ஓடிவந்தாள். "அக்கா, நடுவுல வந்துச்சே ஒரு வாய்ஸ், சோ பியூட்டிஃபுல்! அவங்க யாரு? சிங்கப்பூர்லதான் இருக்காங்களா?"

"இல்லம்மா, திருச்சி."

"அடுத்த ஷோவுக்கு அவங்களக் கூட்டிட்டு வாங்களேன்!"

"அவ இப்ப பாடுறதில்ல," என்றேன்.