கட்டில் உயரத்தில் ஒரு தொட்டி

தொண்ணூறுகளில் வண்ணார்பேட்டையில் மீன்தொட்டிக் கடை வைத்திருந்தேன். ஒரு நாள் வெள்ளை மீசைக்காரர் ஒருவர் வந்து, கடை பெஞ்சில் மல்லாந்து படுத்துக்கொண்டு, ஸ்டாண்டு எவ்வளவு உயரம் வேண்டும் என்று பார்த்தார்.

"வீட்டுக்காரி படுத்த படுக்கையா கெடக்கா வே, எந்திரிக்க மாட்டா. படுத்துக்கிட்டே மீனைப் பாக்கணும்."

எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு எதற்கெடுத்தாலும் பயம். குழாய்த் தண்ணீரில் கலக்கும் குளோரின் மருந்து புது மீனைக் கொன்றுவிடும், பத்து நாள் மீன் விடாமல் குமிழி விடும் காற்று மோட்டார் மட்டும் ஓடட்டும் என்றேன்.

ஐந்தாம் நாள் பாட்டிலில் தொட்டித் தண்ணீரோடு வந்தார். மூக்கருகே வைத்து முகர்ந்தார். முதல் நாளும் கடையில் எல்லாவற்றையும் இப்படித்தான் முகர்ந்து பார்த்தார்.

"வாடை போயிட்டு வே. ரெண்டு மீனு தாரும்."

"பைய, அண்ணாச்சி. செத்து மிதந்தா மதினி வெசனப்படுவாவ."

"அதுவும் சரிதான்." மறுபடி முகர்ந்துவிட்டுப் போனார்.

அடுத்து வந்தபோது தலை மழித்திருந்தது, மீசை இல்லை. அவருக்காக எடுத்து வைத்திருந்த மீன்களை எப்படிக் காட்டுவதென்று தெரியாமல் நின்றேன்.

"மீனு வேண்டாம். மோட்டார் டியூப் ஒண்ணு தாரும். கடைசிவரை அந்தக் குமிழியத்தான் பாத்துக்கிட்டுக் கெடந்தா. நிறுத்த மனசு வரல."

மதினி எப்படி இருக்காவ என்று அந்த ஐந்தாம் நாள் நான் கேட்கவேயில்லை. தண்ணீரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.