கமலேஸ்வரியின் தலையாட்டல்

இல்ஃபோர்ட்டில் பள்ளிக்கூட விஷயம் என்றால் எங்கள் ஆட்கள் கமலேஸ்வரியிடம்தான் போவார்கள். பள்ளிக்கூடம் தெரிந்தவர் என்ற பெயர் அவருக்கு வந்த கதை எளிது. அவர் ஓர் ஆரம்பப் பாடசாலையின் சமையலறையில் வேலை செய்கிறார். உருளைக்கிழங்கு மசிப்பதற்கும் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்குள் தினமும் போய் வருகிறவர், அது போதாதா? கமலேஸ்வரியும் வாய் சலிக்காமல் ஆலோசனை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தெரியாது என்று அவர் சொன்னதாக யாருக்கும் நினைவில்லை.

சொந்த மகளின் படிப்புத்தான் அவருக்குப் பிடிபடவில்லை. கம்சிகா நேர்ஸ் ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். படித்த பள்ளிக்கூடத்திலேயே, சிக்ஸ்த் ஃபோர்ம் என்கிற மேல்வகுப்பில், நேர்சிங்குக்குக் கொண்டுபோகும் ஹெல்த் அண்ட் சோஷல் கேர் டிப்ளோமாவுக்கு இடமும் எடுத்துவிட்டாள். அன்று அவள் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் சீலிங்கைத் தட்டினார்.

கமலேஸ்வரிக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் பிறந்த ஊரில் ஏ லெவல் என்கிற உயர்தர வகுப்பு என்றால் பயோ, மத்ஸ், கொமர்ஸ், ஆர்ட்ஸ். இந்த நான்கிலும் அடங்காத பிள்ளையை மற்றவர்களுக்கு எப்படி விளக்குவது? வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில், "மகள் இப்ப என்ன படிக்கிறா?" என்று அங்கே அடிக்கடி சந்திக்கிற சிவனேஸ்வரி அக்கா கேட்டார். விளக்கப் புறப்பட்டால் பூசையே முடிந்துவிடும் என்று, "பயோ" என்று சொல்லிவைத்தார் கமலேஸ்வரி. கம்சிகா அவருடைய கையைக் கிள்ளினாள்.

செப்டெம்பரில் பெற்றோர் கூட்டம் வந்தது. சிக்ஸ்த் ஃபோர்முக்குப் பொறுப்பான மிஸ் ஹார்பர் திரையில் படம் காட்டிப் பேசினார். இந்த டிப்ளோமா போகிறது, வேறொன்று வருகிறது. அரசாங்கம் முதலில் ஒரு தேதி சொன்னது, பிறகு தள்ளிவைத்தது, பிறகு மறுபடி யோசித்தது. டி லெவல் என்று ஒன்று உண்டு, அது இந்தப் பள்ளிக்கூடத்தில் இல்லை. வி லெவல் என்று ஒன்று வருமாம், அது இன்னும் வரவில்லை. கமலேஸ்வரிக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் இருந்தது. ஆனாலும் ரீச்சர் பேசும்போது மரம்போல இருக்க முடியுமா? மிஸ் ஹார்பர் தன் பக்கம் பார்த்தபோதெல்லாம் தலையை ஆட்டினார். எங்கள் ஆட்கள் தலையை ஆட்டினால், நீங்கள் பேசுவது காதில் விழுகிறது என்றுதான் அர்த்தம். இதை மிஸ் ஹார்பருக்கு யார் சொல்வது? முன்வரிசைத் தாய்க்கு எல்லாம் விளங்குகிறது என்று அந்த மனுசி நினைத்துக்கொண்டார், பாவம்.

"ஏதாவது கேள்வி இருக்கிறதா?" என்று அவர் கேட்டபோது தமிழ்ப் பெற்றோர் ஒருவரும் கை தூக்கவில்லை. எங்கள் கேள்விகளெல்லாம் கார் பார்க்கில்தான் பிறக்கும்.

அங்கே தூறலில் நின்றபடி மாநாடு கூடியது. யாக்கோப்பு என்கிற தகப்பன் தொடக்கிவைத்தார். "இழுத்து மூடப்போற கோர்சாம். நாளைக்கு அந்தச் சேர்ட்டிபிக்கற்றை யூனிவர்சிட்டியில காட்டினா, இது என்ன கடதாசி எண்டு கேப்பினம். ஊரில பழைய சிலபஸ், புதுச் சிலபஸ் எண்டு மாத்தேக்கை நடுவில அம்பிட்ட பிள்ளையள் பட்ட பாடு தெரியும்தானே?"

கமலேஸ்வரி அதை அப்படியே நம்பிவிட்டார். பக்கத்தில் நின்ற மேரிசாந்தியை அவருக்கு அவ்வளவு பழக்கமில்லை. அவருடைய மகள் றூபினி வேறு பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள். அதே டிப்ளோமாவில் இடமில்லாமல் காத்திருந்தாள். "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நான் உள்ள போய்க் கேட்டிட்டு வாறன்," என்றார் மேரிசாந்தி. எல்லோரும் அவரை ஒரு மாதிரிப் பார்த்தார்கள். அவர் திரும்பி வருமுன் கமலேஸ்வரிக்கு பஸ் வந்துவிட்டது.

வீட்டில் தாய்க்கும் மகளுக்கும் பெரிய சண்டை.

"அம்மா, வி ஆர் ஃபைன் எண்டு மிஸ் சொன்னவ. நாங்கள் முடிக்கலாம்."

"ரீச்சர் அப்பிடித்தான் சொல்லுவா. ஒருத்தரும் மதிக்காத சேர்ட்டிபிக்கற்றை வச்சு என்ன செய்யப்போறாய்? பயோ எடு. பயோ படிச்சாலும் நேர்ஸ் ஆகலாம்தானே?"

கடைசியில் கமலேஸ்வரி அழுதார். அம்மா அழுதால் கம்சிகா தாங்கமாட்டாள். அது கமலேஸ்வரிக்கும் நன்றாகத் தெரியும்.

மறுநாள் காலை இருவரும் மிஸ் ஹார்பர் முன்னால் இருந்தார்கள். பயோலொஜி, கெமிஸ்ட்ரி, சைக்கோலொஜி எடுக்க கம்சிகாவின் ரிசல்ட் மட்டுமட்டாகப் போதுமாக இருந்தது. "நன்றாக யோசித்துத்தானே சொல்கிறீர்கள்? விட்ட இடம் காத்திருக்கிற பிள்ளைக்குப் போய்விடும்," என்று மிஸ் ஹார்பர் நிறுத்தி நிறுத்திக் கேட்டார். கமலேஸ்வரி தலையை ஆட்டினார். கம்சிகா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நவராத்திரிக்குக் கொஞ்சம் முன்னால், மரக்கறிக் கடையில் மேரிசாந்தி ஓடிவந்து கையைப் பிடித்தார்.

"அக்கா, றூபினிக்கு அந்த இடம் கிடைச்சிட்டுது!"

"மூடப்போற கோர்சுக்கோ?"

"அடுத்த வருசம் சேர வாற பிள்ளையளுக்குத்தான் அந்தக் கோர்ஸ் இல்லை. இந்த வருசம் துவங்கினவை முடிக்கலாம், யூனிவர்சிட்டியும் எடுக்கும். அண்டைக்கு நான் திரும்பிப் போய் வடிவாக் கேட்டனான்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆரோ ஒரு தாய் கடைசி நேரத்தில தன்ர பிள்ளையை எடுத்திட்டாவாம். மாதாதான் அவவின்ர மனசை மாத்தினவ. ஆரெண்டு தெரியாட்டிலும் அந்தத் தாய்க்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினனான் அக்கா."

கமலேஸ்வரி தலையை ஆட்டினார். கையிலிருந்த முருங்கைக்காயை எதற்கு எடுத்தார் என்று அவருக்கு நினைவில்லை.

அடுத்த நாளே மிஸ் ஹார்பரிடம் போய், வாழ்க்கையில் முதல் தடவையாக, எனக்கு விளங்கவில்லை என்று சொன்னார். மிஸ் ஹார்பர் பொறுமையாக விளக்கினார். கமலேஸ்வரி விளங்கவில்லை என்றார். மிஸ் மறுபடி விளக்கினார். விட்ட இடம் திரும்பக் கிடைக்காது, வகுப்பு நிறைந்துவிட்டது, யாராவது விட்டுப் போனால் பார்க்கலாம், போவார்கள் என்று நம்பவேண்டாம். இந்த முறை எல்லாம் துல்லியமாக விளங்கியது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

நவராத்திரிக்குக் கோயிலில் சிவனேஸ்வரி அக்கா பிடித்துக்கொண்டார். "பயோ எப்பிடிப் போகுது?"

கமலேஸ்வரியின் தலை தன்பாட்டில் ஆடத் தொடங்கியது. அதை நிறுத்தினார். "அவள் நேர்சிங்குக்கு எண்டு வேறை ஒண்டு படிச்சவள் அக்கா. எனக்கு விளங்கேல்லை. நான்தான் இழுத்துக்கொண்டு போய் பயோவில விட்டனான்."

சிவனேஸ்வரி அக்கா தலையை ஆட்டினார்.

திரும்பும் ரயிலில் கம்சிகா கெமிஸ்ட்ரிப் புத்தகத்தை விரித்து, அதே பக்கத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விளங்காட்டி வகுப்பில கையைத் தூக்கிக் கேள் பிள்ளை," என்றார் கமலேஸ்வரி.

"நான் தூக்கிறனான் அம்மா," என்றாள் கம்சிகா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அண்டைக்கு நீங்கள்தான் தூக்கேல்லை."