எங்கள் வாசலில் ரதம் நின்ற நாள்

எங்கள் அப்பா கண்மூடி ஓராண்டு நிறைகிறது. அவர் பிறந்தது, வளர்ந்தது, கடைசி மூச்சை விட்டது எல்லாம் இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில்தான். நடுவில் சில ஆண்டுகள் மட்டும் சிறையில் இருந்தார். "அதையெல்லாம் நினைவு மலர்ல போடணுமாம்மா?" என்று சித்தப்பா தயங்கினார். போடத்தான் வேண்டும் சித்தப்பா. அதிலிருந்து எழுந்து வந்ததுதான் அப்பாவின் பெருமை.

தோட்டத்து ஸ்டோரில் காணாமல் போன உர மூட்டைகள் அப்பா ஓட்டிய லோரியில் கிடைத்தன. யார் ஏற்றினார்கள் என்று அவருக்குத் தெரியாது. அதை நீதிமன்றம் நம்பவில்லை. பின்னாளில் வேறொரு வழக்கில் பிடிபட்டவன் உண்மையைக் கக்க, மேல்முறையீட்டில் அப்பா குற்றமற்றவர் என்று தீர்ப்பானது.

தீர்ப்பு மாறியது, ஊர்வாய் மாறவில்லை. "ஜெயில்காரன்" என்றே பேசினார்கள்.

"கோலா தெர்லாவுல எங்க அண்ணன் இருக்காரு. அங்க போயிடலாங்க" என்றார் அம்மா.

"இங்கதானே என் பேரு கெட்டுச்சு? இங்கயே எடுக்கிறேன் லா" என்றார் அப்பா. மறுவாரமே பிரிஞ்சாங் சந்தைக்குக் காய்கறி லோரி ஓட்டக் கிளம்பிவிட்டார்.

மாரியம்மன் திருவிழாவில் லோரியில் அமைத்த ரதம் லயத்தின் ஒவ்வொரு வாசலிலும் நிற்கும். எங்கள் வாசலை மட்டும் தாண்டிப் போகும். ஆனாலும் அப்பா ஆண்டுதோறும் விரதமிருந்து, அர்ச்சனைத் தட்டோடு வாசலில் நிற்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவரோ, "தேங்காய உள்ள வைம்மா, சட்னிக்காச்சு" என்று சிரிப்பார்.

ஒரு திருவிழாவன்று, ரத லோரி ஓட்டுபவர் வீட்டில் சாவு விழுந்து தீட்டாகிவிட்டது. விரதமும் லோரி லைசென்சும் சேர்ந்திருந்தவர் அப்பா ஒருவர்தான். கோயில் தலைவர் எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தார்.

"அண்ணே, நீங்கதான் ஓட்டணும்."

"ஓட்டுறேன் தம்பி. ஆனா என் வாசல்லயும் நிக்கும். சரியா?"

தலைவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். "நிக்கும்ணே."

நின்றது! அப்பா இறங்கி வந்து, அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிப் பூசாரியிடம் நீட்டினார். "யாரு பேருக்கு?" என்றார் பூசாரி. அப்பா தம் பெயரைச் சொன்னார் பாருங்கள், மேட்டு லயம் வரைக்கும் கேட்டது. அம்மா ஊரே பார்க்கிறதே என்றும் பாராமல் அழுதார். அன்று முதல் தம் கடைசித் திருவிழா வரை ரதத்தை ஓட்டியவர் அப்பாதான்.

பீஸ் வாங்காமல் வாதாடிய வக்கீல் ஐயாவுக்கும், அப்பா சிறையில் இருந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்ட பக்கத்து வீட்டு அத்தைக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றி மறவாது. அன்று கதவைச் சாத்திக்கொண்டவர்களும் இன்று இந்த நினைவு நாளுக்கு வந்திருக்கிறீர்கள். வயிறாரச் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். அப்பா இருந்திருந்தால் சாப்பிடாமல் விட்டிருக்க மாட்டார்.

இதில் நான் அப்பா என்று மட்டுமே எழுதியிருக்கிறேன். அவர் பெயர் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள்.

அன்பு மகள்